கருவாடு தின்ற பருந்து

பருந்தின் இரண்டு கால்களும் கம்பத்தோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டப்பட்டிருந்தன.

கண்ணாடிக்கடைக்காரர் கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பருந்து அவரைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. காற்றடித்தபோது அதன் ஒரு இறகுகூடத் தனியாக அசையவில்லை. மொத்த உடம்பும் ஒரே துண்டாக ஆடிவிட்டு நின்றது.

"பிளாஸ்டிக்" என்றார் அவர், தனக்குத்தானே.

"நல்ல பிளாஸ்டிக் தம்பி" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "எவ்வளவு வெயில் அடிச்சாலும் வெளுக்காதாம்."

பேசியது அந்த இடத்துக்குச் சொந்தக்காரியான கருவாட்டம்மா. கம்பத்தைச் சுற்றி வலைவிரிப்பில் அவளுடைய மீன்கள் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"இது எதுக்கும்மா இங்க?"

"காக்காய்க்குத்தான். இது வந்ததுலேருந்து ஒரு காக்கா இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்கல. என் மருமகன் டவுன்லேருந்து கொண்டாந்தான். ஏன் தம்பி, உங்களுக்கும் ஒண்ணு வேணுமா?"

"இல்லம்மா. எங்கிட்ட ஏற்கனவே பன்னிரண்டு இருக்கு" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

அவர் சொன்னது படங்களை.

அந்தச் சிறிய ஊரில் கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுக்கொடுக்கும் கடை அவருடையது ஒன்றுதான். வாரத்தில் ஆறு நாள் ஊராரின் கண்களைப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை நீளமான லென்ஸ் மாட்டிய கேமராவைத் தூக்கிக்கொண்டு கடலோரமாகப் பருந்து பார்க்கப் போவார். மூன்று வருடமாகப் போகிறார். கிடைத்ததெல்லாம் ஊரில் எல்லோரும் துணி காயப்போடும்போதே பார்க்கிற பருந்துகள்தான். பறவை பார்ப்போர் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் அவர் படம் போட ஆரம்பித்ததும் மற்றவர்கள் டீ குடிக்க எழுந்துபோவார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த நிலைமை மாறியது. கழிமுகத்தின் எதிர்க்கரையில் ஒரு கம்பத்தின் உச்சியில் அது உட்கார்ந்திருந்தது. வெள்ளைத் தலை, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புக் கோடு, பழுப்பு முதுகு. விரால் அடிப்பான். தண்ணீருக்குள் பாய்ந்து உயிர்மீனைத் தூக்கிக்கொண்டு போகும் பருந்து. சங்கத்தின் பத்தொன்பது வருடப் பதிவேட்டில் அந்தக் கரையில் அதைப் பார்த்ததாக ஒரு வரி கிடையாது. தண்ணீர் ஏறியிருந்ததால் அவரால் கிட்டே போக முடியவில்லை. இந்தக் கரையில் இருந்தபடியே பன்னிரண்டு படம் எடுத்தார். கம்பத்தின் குறுக்குக் கட்டை மறைத்ததில் கால் மட்டும் விழவில்லை.

சாயங்காலமே படங்களைச் சங்கச் செயலாளருக்கு அனுப்பினார். திங்கட்கிழமை பதிவேட்டில் ஏறியது. செவ்வாய்க்கிழமை அதில் ஒன்றை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிக் கடை வாசலில் மாட்டினார். கீழே கொட்டை எழுத்தில்: 'இதைக் கண்ட கண்களே உங்கள் கண்களைப் பரிசோதிக்கின்றன.' புதன்கிழமை மட்டும் ஒன்பது பேர் வந்து கண்ணைக் காட்டினார்கள். அதில் நாலு பேருக்குப் பார்வையில் ஒரு குறையும் இல்லை. சும்மா பெருமைக்காக வந்திருந்தார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கம் மொத்தமும் அந்தப் பருந்தைப் பார்க்க வருகிறது. ஆட்கள் நிற்க இடம் பார்த்து வைக்கலாம் என்று வியாழக்கிழமை மத்தியானம் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, பாலத்தைச் சுற்றிக்கொண்டு எதிர்க்கரைக்கு வந்திருந்தார். வந்த இடத்தில்தான் கட்டுக்கம்பி.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் மட்டும் சொன்னார். அவள் கடைச்சாவியை எடுத்தாள். அவரைக் கடைக்குக் கூட்டிப்போய், கண் பரிசோதிக்கும் நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடிவிட்டு எதிரே இருந்த அட்டையைக் காட்டினாள்.

"படிங்க."

அவர் மேல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். மற்றக் கண்ணாலும் படித்தார். அட்டையின் மூலையில் எறும்பு அளவில் இருந்த அச்சகத்தின் தொலைபேசி எண்ணையும் படித்தார்.

"கண்ணுல ஒரு கோளாறும் இல்ல" என்றாள் மனைவி. "அப்போ கோளாறு வேற எங்கயோ இருக்கு."

"விளையாடாதே. இப்போ என்ன செய்றது?"

"செயலாளருக்கு போன் பண்ணி, தப்பு நடந்துபோச்சுன்னு சொல்லுங்க. ரெண்டு நாள் சிரிப்பாங்க. அப்புறம் மறந்துடுவாங்க."

"கண்ணாடிக்காரனுக்குப் பொம்மைக்கும் பருந்துக்கும் வித்தியாசம் தெரியலன்னா, எவன் நம்ம கடைக்கு வருவான்?"

 வாசலில் ஆளுயரப் பருந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதையே இப்போது இருவரும் நின்று பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க அது பிளாஸ்டிக்காகவே தெரிந்தது. பன்னிரண்டு படத்திலும் ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தது. கழுத்துகூடத் திரும்பவில்லை.

"இவ்வளவு பளபளப்பு ஒரு பறவைக்கு எதுக்கு?" என்றாள் மனைவி.

அவர் போனை எடுத்தார். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் எடுத்தார்.

செயலாளர் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிராளி வாயைத் திறக்குமுன் தன் செய்தியைப் பட்டுவாடா செய்துவிடுகிற பழக்கம் அவருக்கு இன்னும் போகவில்லை.

"கண்ணாடி! நானே கூப்பிடணும்னு இருந்தேன். நகரத்துலேருந்து பருந்து நிபுணர் வர்றார். நாற்பது வருஷமாப் பருந்தைத் தவிர வேற எதையும் நிமிர்ந்து பார்க்காத மனுஷன்! உங்க படத்தைப் பத்தி எழுதியிருக்கார், படிக்கிறேன் கேளுங்க: 'இந்தக் கண்ணில் இருக்கும் உயிரை என் வாழ்நாளில் எந்தப் படத்திலும் கண்டதில்லை.' எப்படி?"

கண்ணாடிக்கடைக்காரர் போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"சார், ஒரு விஷயம்... நான் இன்னைக்குப் போய்ப் பார்த்தேன்..."

"இருக்குல்ல?"

"இருக்கு. ஆனா... ஒரு மாதிரியா இருக்கு சார். அசைய மாட்டேங்குது. உடம்பு சரியில்லை போல. நாம இவ்வளவு பேர் போய் நின்னா அதுக்குக் கஷ்டம். பயணத்தை ஒத்திப்போட்டா நல்லது."



"உங்க மனசு யாருக்கு வரும்!" என்றார் செயலாளர் தழுதழுத்த குரலில். "கவலைப்படாதீங்க. நான் பார்த்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொண்டதன் பலன் வெள்ளிக்கிழமை காலை கடை திறந்ததும் தெரிந்தது. கால்நடை மருத்துவர் போனில் வந்தார்.

"பருந்து விஷயமாக் கூப்பிடறேன். எத்தனை நாளா அசையாம இருக்கு?"

"நான் பார்த்ததுலேருந்து."

"தீனி?"

"எடுக்கல டாக்டர்."

"எச்சம் போடுதா?"

எதிரே கண்ணைக் காட்ட வந்த ஒரு பெண்மணி முகவாயைப் பரிசோதனைக் கருவியின் தாங்கியில் வைத்தபடி காத்திருந்தாள். கண்ணாடிக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"இல்ல டாக்டர்."

"அஞ்சு நாளா எச்சமே இல்லையா? ஐயையோ, நான் ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்க முடியாது. வலை, கூண்டு, குளுக்கோஸ் எல்லாம் எடுத்துக்கிட்டு இன்னைக்கே வர்றேன்."

"வேண்டாம், வேண்டாம்! இன்னைக்குக் காலைல போச்சு."

"என்ன நிறம்?"

"வெள்ளை."

"கெட்டியாவா, தண்ணியாவா?"

"நடுத்தரமா" என்றார் அவர். நாற்காலியில் இருந்த பெண்மணி முகவாயை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்போ ஏதோ சாப்பிட்டிருக்கு. என்ன சாப்பிட்டுச்சு?"

"மீன் டாக்டர்."

"கடல்ல பாய்ஞ்சு பிடிச்சுச்சா? அப்படின்னா உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

நன்றாக இருக்கிறது என்றால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வரும். நன்றாக இல்லை என்றால் இன்றைக்கே கூண்டு வரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதில் தேவைப்பட்டது.

"பாயல. கீழே காய்ஞ்சுக்கிட்டு இருந்ததை எடுத்துத் தின்னுச்சு."

"எது, கருவாடா?"

"ஆமா."

"விரால் அடிப்பான் கருவாடு தின்னுச்சா? நீங்க பார்த்தீங்களா?"

"என் கண்ணால" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

அரைமணி நேரத்தில் செயலாளர் கூப்பிட்டார். மூச்சிரைத்தது.

"கண்ணாடி, நிபுணர் நாளைக்கு ராத்திரி ரயிலை விட்டுட்டு கார்லயே வர்றார்! உப்புப் போட்ட மீனை விரால் அடிப்பான் தொட்டதா எந்தப் புத்தகத்துலயும் இல்லையாம். அவரோட கட்டுரையோட தலைப்பே இனிமே இதுதானாம். வீடியோ எடுக்க ரெண்டு பேரைக் கூட்டிட்டு வர்றார். பக்கத்து ரெண்டு ஊர்ச் சங்கமும் சேர்ந்துக்குது. வேன் பத்தாதுன்னு பஸ்ஸே பேசிட்டேன்."

அவர் போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது நாற்காலி காலியாக இருந்தது.

"அந்தம்மா போயிட்டாங்க" என்றாள் மனைவி. "எச்சம் எல்லாம் கேக்கற கண் டாக்டர் தனக்கு வேண்டாம்னாங்க."

சனிக்கிழமை அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கம்பத்தில் பருந்து இருந்தால்தானே வம்பு? அவர்கள் வரும்போது கம்பம் காலியாக இருந்துவிட்டால், பருந்து தேறிப் பறந்துபோய்விட்டது என்று எல்லோரும் சந்தோஷமாகத் திரும்பிப் போவார்கள். படம் படமாகவே இருக்கும். கடை கடையாகவே இருக்கும்.

கருவாட்டம்மாவிடம் போனார்.

"அம்மா, நாளைக்குக் காலைல ஒரு மூணு மணி நேரம் இந்தப் பொம்மையை இறக்கி வெச்சுக்கலாமா? சங்கத்துலேருந்து பறவைங்களை எண்ண வர்றாங்க. இது இருந்தா எதுவும் கிட்ட வராது."

"இறக்கினா காக்கா வருமே."

"வந்தா எண்ணிக்குவாங்க."

"எண்ணிட்டுப் போயிடுவாங்க. என் மீன்?" அவள் யோசித்தாள். "நாளைக்கு எனக்குச் சந்தை நாள். பொம்மை இருக்கற தைரியத்துலதான் இதை அப்படியே போட்டுட்டுப் போறதா இருந்தேன். பொம்மையை இறக்கணும்னா அது செய்யற வேலையை யாராவது செய்யணும்."

"யாரு?"

"நீங்கதான் தம்பி. காக்காய்க்கு யாரா இருந்தா என்ன?"

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது கருவாட்டம்மா கூடையோடு சந்தைக்குக் கிளம்பினாள். கண்ணாடிக்கடைக்காரர் ஒரு டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, கட்டுக்கம்பியைப் பிரித்து, பருந்தை இறக்கினார். ஒளித்துவைக்க அங்கே ஒரு இடமும் இல்லை. வெறும் மணல். கேமராப் பைக்குள் தலைகீழாகத் திணித்தார். தலை போனது, உடம்பு போனது, வால் போகவில்லை. அதன்மேல் துண்டைப் போட்டு மூடினார்.

சங்கம் எட்டு மணிக்கு வருவதாக ஏற்பாடு. ஆறேகாலுக்கே காக்கைகள் வந்துவிட்டன.

முதலில் இரண்டு வந்தன. அவர் கையைத் தட்டினார், பறந்தன. பிறகு பன்னிரண்டு. ஒரு கழியை எடுத்து வீசினார். அப்புறம் எண்ண முடியவில்லை. ஒரு மூலையில் துரத்தினால் இன்னொரு மூலையில் இறங்கின. இவ்வளவு நாள் பட்டினியைச் சேர்த்துவைத்துத் தீர்த்துக்கொள்வதுபோல் வந்தன. கழி போதாமல் பையின் மேலிருந்த துண்டை எடுத்து மறுகையில் சுழற்றிக்கொண்டு, "போ! போய்த் தொலை! சனியனே, ஒன்னைக் கொன்னுடுவேன்!" என்று கத்தியபடி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினார். ஒரு கல்லையும் எடுத்து வீசினார். அது ஒரு காக்கையின் இறக்கையை உரசிக்கொண்டு போனது.

ஏழு மணிக்கு, வீடியோவுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும் என்று ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிட்ட பஸ்ஸிலிருந்து இறங்கி, மூன்று ஊர்ப் பறவை பார்ப்போர் சங்கத்தினரும் மணல்மேட்டின் மேல் வரிசையாக நின்று இந்தக் காட்சியைத் தொலைநோக்கி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அது யாரு, பறவை மேல கல் வீசறது?" என்றார் நிபுணர்.

செயலாளர் தொலைநோக்கியை இறக்கினார். "நம்ம உறுப்பினர்தான் சார்."

கண்ணாடிக்கடைக்காரர் அவர்களைப் பார்த்ததும் கழியைக் கீழே போட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துண்டு தன் கையில் இருக்கிறது என்பது துடைத்து முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"கம்பம் காலியா இருக்கே? பருந்து எங்க?" என்றார் செயலாளர்.

"பறந்துபோச்சு சார். விடியற்காலைல. உடம்பு தேறி, அப்படியே... ஜம்முனு."

யாரும் அவரைப் பார்க்கவில்லை. மணலில் கிடந்த கேமராப் பையைப் பார்த்தார்கள். அதன் வாயிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குப் பருந்தின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

கால்நடை மருத்துவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அதனாலதான் எச்சம் பத்தி அவ்வளவு விவரமாத் தெரிஞ்சிருக்கு."

"பிடிச்சு வித்துடலாம்னு பார்த்திருக்கான்!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"உடம்பு சரியில்லாத பறவையைக் கருவாடு போட்டுப் பழக்கி..." என்று நிபுணர் குரல் நடுங்க ஆரம்பித்து முடிக்க முடியாமல் நிறுத்தினார். "இது ஜெயில்ல போடற குற்றம். யாராவது காட்டிலாகாவுக்குப் போன் பண்ணுங்க."

மூன்று பேர் போனை எடுத்தார்கள். செயலாளரின் கண்ணில் நிஜமாகவே நீர் கோத்திருந்தது. "நீங்களா கண்ணாடி? நீங்களா?"

இதற்குமேல் அவரால் முடியவில்லை. பையைத் திறந்தார். வாலைப் பிடித்து இழுத்துப் பருந்தை வெளியே எடுத்தார். எல்லோரும் 'ஐயோ' என்றார்கள். அவர் அதன் தலையில் விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். டொக், டொக் என்றது.

"பொம்மை சார். காக்கா விரட்ட வெச்ச பொம்மை. நான் போன ஞாயித்துக்கிழமை அந்தக் கரையிலேருந்து இதைத்தான் படம் எடுத்துட்டேன். வியாழக்கிழமைதான் தெரிஞ்சுது. சொல்ல வெக்கமா இருந்துச்சு. எச்சம் போடல, கருவாடு தின்னல, எல்லாம் நான் சொன்ன பொய்."

அலை ஒன்று வந்து உடைந்தது. பிறகு யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அப்புறம் பஸ் மொத்தமும் சிரித்தது.

நிபுணர் மட்டும் சிரிக்கவில்லை. பொம்மையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் முகத்தையும் தன் போனில் இருந்த படத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார். "கண்ணுல உயிர் இருக்குன்னு நான் எழுதினது கிண்டலுக்கு."

"நாங்களும் அப்படித்தான் சார் புரிஞ்சுக்கிட்டோம்" என்றார் செயலாளர். அங்கேயே பதிவேட்டை விரித்து, விரால் அடிப்பான் வரியின்மேல் சிவப்பு மையால் அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுத்தார். குறிப்பு என்ற கட்டத்தில் 'பிளாஸ்டிக்' என்று எழுதி, கண்ணாடிக்கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

பஸ்ஸில் ஏறப்போன ஒருவர் திரும்பி வந்தார். போன மாதம்தான் கடையில் புதுக் கண்ணாடி போட்டவர். அதைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார்.

"பவர் சரியாத்தானே போட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் போனார்.

பஸ் போன பிறகு அவர் மனைவிக்குப் போன் செய்தார்.

"சொல்லிட்டேன்."

"சிரிச்சாங்களா?"

"நல்லாவே."

"சரி, வீட்டுக்கு வாங்க. வாசல்ல இருக்கறதை இறக்கிடறேன்" என்றாள். கொஞ்சம் யோசித்து, "பின்பக்கம் வெள்ளையாத்தான் இருக்கு. வேற ஏதாவது எழுதிக்கலாம்" என்றாள்.

அவருக்கு அழுகை வரவில்லை.  கேமராவை இனி யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நினைத்தார். பருந்துகளுக்கும் தனக்கும் ஒத்துவராது. கண் என்பது அட்டையில் எழுத்துப் படிக்க மட்டும்தான் போலிருக்கிறது.

கருவாட்டம்மா காலிக்கூடையோடு சந்தையிலிருந்து திரும்பினாள். மீன் வரிசைகளை ஒரு பார்வை பார்த்தாள். "பரவாயில்ல, பத்துப் பதினைஞ்சுதான் போயிருக்கு. பொம்மை அளவுக்கு இல்லாட்டியும் நீங்களும் சுமாராத்தான் வேலை பார்த்திருக்கீங்க" என்று அவரைப் பாராட்டினாள். அன்று முழுவதும் அவருக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

அவர் டிரம்மின்மேல் ஏறிப் பருந்தைக் கம்பத்தின் உச்சியில் வைத்தார். கருவாட்டம்மா கீழே நின்று டிரம்மைப் பிடித்துக்கொண்டாள். கட்டுக்கம்பியை முறுக்குமுன் அவர் கேட்டார்:

"எந்தப் பக்கம் பார்த்து வைக்கணும்மா?"

"கடலைப் பார்த்தே வைங்க தம்பி, போன ஞாயித்துக்கிழமை வந்த நிஜப் பருந்து அப்படித்தான் உக்காந்திருந்துச்சு. அது இருந்த வரைக்கும் ஒரு காக்கா கிட்ட வரல. அது திங்கக்கிழமை பறந்து போனதாலதானே, அதே மாதிரி மூஞ்சில கோடு போட்டுக் கொண்டு வாடான்னு மருமகன்கிட்டச் சொல்லி இந்தப் பொம்மையையே வாங்கினேன்."